கடவுச்சாவியும் மின்பணப்பையும்



பூட்டையும் சாவியையும் பற்றிப் பேசுதற்குப் பள்ளி அதிபர் ஒருவருக்கு என்ன தகுதி என்று சிலர் வினவக்கூடும். நான் பயின்றது தமிழும் வரலாறும், கணினி அன்று. ஆயினும், கொஸ்லந்தையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் தொழில் தேடிச் சென்ற பழைய மாணவர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது என் அலுவலக வாயிலில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. முன்னாளில் கடிதம் எழுதித் தருமாறும் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருமாறும் கேட்டார்கள். இப்பொழுது கைபேசியை நீட்டி, “சேர், இதைத் திறக்க வழி உண்டா?” என்று கேட்கிறார்கள். அவ்வாறு வந்த ஓர் இளைஞனின் பொருட்டே இன்றைய பேச்சு.

அவன் கட்டாரில் உழைத்து மிச்சம்பிடித்த பணத்தில் ஒரு பகுதியைக் கிரிப்டோ நாணயமாக மாற்றிக் கைபேசியிலுள்ள மின்பணப்பை ஒன்றில் வைத்திருந்தான். அப்பணப்பைக்குக் கடவுச்சொல் கிடையாது, கடவுச்சாவியே உண்டு. விரலை வைத்தால் திறக்கும். விடுமுறையில் நண்பர்களோடு தியலும அருவியின் அடிவாரத்துக்குச் சென்றவிடத்துக் கைபேசி நீரில் விழுந்து செயலற்றுப்போயிற்று. அதனால் கவலையில்லை என்றே எண்ணினான். சாவியின் பிரதி கூகிள் கணக்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கை ஆரம்பித்தவன் அவன் அல்லன். முதன்முதலில் கைபேசி வாங்கிய நாளில் கடைக்காரப் பையனே ஏதோ ஒரு பெயரிட்டு, ஏதோ ஒரு கடவுச்சொல் கொடுத்து, கடையின் தொலைபேசி எண்ணையே மீட்பு எண்ணாகவும் எழுதிக் கணக்கைத் திறந்து கொடுத்திருந்தான். அந்தக் கடை இன்று இல்லை, எண்ணும் இயங்கவில்லை.

அவனது பணம் எங்கும் போய்விடவில்லை என்பதுதான் இதில் வேதனை தரும் செய்தி. கிரிப்டோ நாணயங்களின் பேரேடு உலகம் காணத் திறந்திருப்பதாகலின், அவனுடைய முகவரியை இட்டுத் தேடினால் தொகை அப்படியே தெரிகிறது. கண்ணாடித் தொட்டிக்குள் மீனைப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம், எடுக்க இயலாது.

கடவுச்சாவி என்பது யாது? கடவுச்சொல்லுக்கும் அதற்கும் உள்ள வேற்றுமையை விளக்க, நாம் அனைவரும் அறிந்த ஒரு கதையை நினைவுகூர்கிறேன். இராமன் தன் கணையாழியை அனுமனிடம் கொடுத்தனுப்பினான். அதனைக் கண்ட பின்னரே சீதையின் ஐயம் நீங்கிற்று. ஆனால் கணையாழி இராமன் விரலை விட்டு நீங்கிக் கடல் கடந்து செல்ல வேண்டியதாயிற்று. இடைவழியில் அரக்கன் ஒருவன் அதனைப் பறித்துக்கொண்டு வந்து நின்றிருந்தால் சீதை என் செய்வாள்? கடவுச்சொல் இத்தகையது. ஒவ்வொரு முறையும் அது நம்மை விட்டு நீங்கி எதிர்ப்பக்கத்துக்குச் செல்கிறது. வழியில் அகப்படலாம், போலியான தளம் ஒன்றில் நாமே அறியாமல் எழுதிக் கொடுத்துவிடலாம்.

கடவுச்சாவியோ விரலை விட்டுக் கழலாத முத்திரை மோதிரம் போன்றது. அதில் இரு பாதிகள் உண்டு. ஒன்று அந்தரங்கச் சாவி. அது நம் சாதனத்தின் பாதுகாப்புக்குள் இருக்கிறது. மற்றொன்று பொதுச் சாவி. அதனைத் தளம் வைத்துக்கொள்கிறது. நாம் உள்ளே செல்ல விரும்பும்போது தளம் புதியதோர் எண்ணை அனுப்பி, “இதில் முத்திரை இடுக” என்கிறது. நம் கைபேசி விரலடையாளத்தையோ திரைப்பூட்டு எண்ணையோ கேட்டுப் பெற்று, அந்தரங்கச் சாவியால் முத்திரையிட்டு, முத்திரையை மட்டும் அனுப்புகிறது. தளம் பொதுச் சாவியைக் கொண்டு அதனைச் சரிபார்க்கிறது. அடுத்த முறை வேறோர் எண் வருமாதலால், பழைய முத்திரையைத் திருடியவனுக்கு அதனால் பயனில்லை. இன்னொன்று: சாவி எந்தத் தளத்துக்கென ஆக்கப்பட்டதோ அந்தத் தளத்துக்கே அது இயங்கும். ஓரெழுத்து மாற்றி அமைத்த போலித் தளத்தை நாம் நம்பினாலும் சாவி நம்புவதில்லை. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் இயந்திரம் ஏமாறாதிருக்கச் செய்த இந்த ஏற்பாட்டையே நான் இதன் தலையாய நன்மையாகக் கருதுகிறேன்.

இரட்டைச் சாவி என்னும் எண்ணம் புதியதன்று. 1976 ஆம் ஆண்டிலேயே டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அதனை வெளியிட்டனர். அதன்வழி வந்த நுழைவுமுறை 2019 மார்ச்சில் இணையத்துக்குரிய பொது நியமமாயிற்று. 2022 மே மாதத்தில் ஆப்பிள், கூகிள், மைக்ரோசொஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் அதனைத் தத்தம் சாதனங்களில் விரிவாக்குவதாக ஒருசேர அறிவித்தன.

இனி, மின்பணப்பையைப் பார்ப்போம். பணப்பை என்ற பெயரே நம்மை மயக்குகிறது. நாணயம் கைபேசிக்குள் இருப்பதில்லை; பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதனை நகர்த்தும் அதிகாரமாகிய சாவியே பணப்பையில் இருப்பது. எனவே கடவுச்சாவி வைத்திருக்கும் ஒருவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. அது திறப்பது பிறர் வீட்டுக் கதவையா, தம் சொந்தப் பெட்டியையா?

நாணயப் பரிவர்த்தனை நிலையம் ஒன்றில் கணக்கு வைத்திருந்தால், நம் கடவுச்சாவி அந்நிலையத்தின் வாயிலை மட்டுமே திறக்கிறது. நாணயத்தின் உண்மையான சாவி நிலையத்தாரிடம் இருக்கிறது. நாம் சாவியைத் தொலைத்தாலும் அடையாள அட்டையைக் காட்டி மீளப் பெற வழி இருக்கலாம். அது ஓர் ஆறுதல். ஆனால் 2024 ஜூலை 18 ஆம் நாள் இந்தியாவின் வசீர்எக்ஸ் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான நாணயங்கள் களவு போயின. வாடிக்கையாளர் எவருடைய சாவியிலும் குறையில்லை. ஆயினும் அவர்கள் ஓராண்டுக்கு மேலாகத் தம் பொருளை எடுக்க முடியாது தவித்தனர்.

நம் மலையக மக்களுக்கு இந்த நிலை புதியதன்று. துண்டு முறையைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தொழிலாளி ஒருவர் தோட்டம் மாறிச் செல்ல வேண்டுமாயின், இன்ன கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். அந்தத் துண்டோ கங்காணியின் கையில் இருந்தது. காகிதம் எவர் கையிலோ ஆளும் அவர் கையில். 1921 இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. நமக்குரியதை நிறுவும் ஆதாரம் பிறர் பெட்டியில் இருப்பதன் பொருளை வரலாற்று வகுப்பில் நான் இந்தத் துண்டைக் கொண்டே விளக்குவது உண்டு.

மற்றைய வகை, சொந்தப் பெட்டி. இதற்கு நடுவே எந்த நிலையமும் இல்லை. பழைய முறையில், 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுத்த 12 அல்லது 24 மீட்புச் சொற்களே இதன் மூலச்சாவி. அவற்றைத் தாளில் எழுதிக் காக்க வேண்டும். புதிய முறையில் அமைந்த சில பணப்பைகளில் அந்தச் சொற்களும் இல்லை. கடவுச்சாவியே முத்திரையிட்டு நாணயத்தை நகர்த்துகிறது. இது எளிது, அழகானது. ஆனால் அச்சாவி ஒன்றே ஒன்றாயிருந்து தொலைந்துவிட்டால், முறையிடுவதற்கு உலகில் எந்த அலுவலகமும் கிடையாது. அமெரிக்காவில் வாழும் ஸ்டீபன் தாமஸ் என்னும் கணினி வல்லுநர், 7,002 பிட்கொயின்களின் சாவியை வைத்த சாதனத்தின் கடவுச்சொல்லை எழுதியிருந்த தாளைத் தொலைத்துவிட்டார். பத்து முறை தவறினால் அச்சாதனம் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும்; எட்டு முறை தவறிவிட்டது என்னும் செய்தி 2021 இல் உலகெங்கும் வெளியாயிற்று. வல்லுநர் நிலையே இதுவாயின், நம் இளைஞன் எம்மாத்திரம்!

ஆகவே சொந்தப் பெட்டி வைத்திருப்போர் முதல் நாளிலேயே இரண்டாவது சாவி ஒன்றை ஆக்கிக்கொள்ளல் வேண்டும். பெரும்பாலான பணப்பைகள் அதற்கு இடமளிக்கின்றன. மற்றொரு கைபேசியிலோ, விரலளவான வன்பொருள் சாவியிலோ அதனைப் பதியலாம். மீட்புச் சொற்கள் தரும் பணப்பையாயின் அவற்றை எழுதிக்கொள்ளலாம். ஆனால் இரண்டையும் எங்கே வைப்பது? இந்த வினாவுக்கு எங்கள் ஊரார் தரும் விடையை வேறெந்த நூலும் அவ்வளவு தெளிவாகத் தராது.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடு இல்லை. உயிரிழப்பின் முன் காகிதங்களைப் பற்றிப் பேசுவது சிறுமையே. ஆயினும் உயிரோடிருந்தவர்கள் அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றுக்காக அலைந்த அலைச்சலும் உண்மை. அந்தக் காகிதங்களுக்குப் பதிவாளர் அலுவலகத்தில் மூலப்பிரதி இருந்தது. சொந்தப் பெட்டியின் சாவிக்கு அப்படியொரு பதிவாளர் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் பல இடங்களில் சரிந்தன. ஒரே காம்பராவில் கைபேசி தலையணைக்கு அடியிலும் மீட்புச் சொற்கள் தகரப் பெட்டிக்குள்ளும் இருந்தால், அவை இரண்டு சாவிகள் அல்ல, ஒன்றே. இரண்டாவது சாவி வேறு கூரையின் கீழ், இயன்றால் வேறு மலையில் இருத்தல் வேண்டும்.

சாவியின் பிரதி கூகிள் கணக்கிலோ ஆப்பிள் கணக்கிலோ இருக்குமாயின், அந்தக் கணக்கே பெட்டியின் பெட்டி. அதனை உடையவரே தம் கையால் ஆரம்பிக்க வேண்டும். மீட்பு எண் நமக்கோ நம்மவர்க்கோ உரியதாய் இருத்தல் வேண்டும். புதிய கைபேசியில் சாவிகளை மீட்கும்போது பழைய கைபேசியின் திரைப்பூட்டு எண்ணையும் கேட்பதுண்டு. அதனை மறந்தோர் வாயிலிலேயே நின்றுவிடுவர். அந்தத் திரைப்பூட்டு எண்ணைப் பற்றி இன்னொரு சொல். ஒரு கைபேசியைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்வது நம் லயங்களில் இயல்பு. எண்ணை அறிந்த ஒவ்வொருவரும் விரல் வைக்காமலே கடவுச்சாவியை இயக்கலாம். திருத்தக் கொடுக்கும்போது கடைக்காரர் அந்த எண்ணைக் கேட்பதும், நாம் கூச்சமின்றிச் சொல்லிவிடுவதும் நாள்தோறும் நடப்பவையே.

எத்துணை நல்ல சாவியாயினும், நாமே கதவைத் திறந்து எடுத்துக் கொடுப்பதை அது தடுக்காது. கிரிப்டோவின் பெயரால் நம் நாட்டில் பரவிய ‘ஸ்போர்ட்ஸ் செயின்’ திட்டத்தைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களுள் ஒன்றாக இலங்கை மத்திய வங்கி அறிவித்தது. அதில் பணம் இழந்தோரின் பூட்டை எவரும் உடைக்கவில்லை, தாமாகவே செலுத்தினர். கிரிப்டோ நாணயத்தில் பணம் இடுவதன் அபாயங்களைக் குறித்தும் அந்த வங்கி பலமுறை பொதுமக்களை எச்சரித்துள்ளது. முத்திரை இடுமுன் எதில் இடுகிறோம் என்று பார்ப்பதும் நம் பொறுப்பே. 2025 பெப்ரவரி 21 இல் பைபிட் நிலையத்தில் ஏறத்தாழ 150 கோடி டொலர் களவு போனபோது, உரிய அதிகாரிகளே உரிய சாவிகளால் ஒப்பமிட்டனர். திரையில் அவர்கள் கண்டது ஒன்று. ஒப்பம் விழுந்தது வேறொன்றில்.

என் மாணவனிடம் திரும்புகிறேன். பழைய கைபேசியை உலர்த்தித் திருத்த முடியுமா என்று பண்டாரவளையிலும் கொழும்பிலும் காட்டினான், முடியவில்லை. கட்டாருக்குப் புறப்படுமுன் ஆசிரியர் அறையில் அமர்ந்து, புதிய கைபேசியில் தன் பெயரில் கணக்கு ஒன்றைத் தானே ஆரம்பித்தான். மீட்பு எண் கேட்கப்பட்டபோது சற்று யோசித்து, வெலிமடையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தமக்கையின் எண்ணைக் கொடுத்தான்.