வெந்தய டப்பாவில் ஒரு மாத்திரை அட்டை

சித்தி வீட்டுச் சமையலறையில் வெந்தயம் இரண்டு டப்பாக்களில் இருக்கும். ஒன்று அன்றாடத் தாளிப்புக்கு. இன்னொன்று மேல் பலகையில், ஜவ்வரிசிக்கும் பின்னால். அதில் கையை விட்டால், வெந்தயத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய மாத்திரை அட்டை. டாமாக்சிஃபென், 20 மில்லிகிராம், தினம் ஒன்று. பெண் பார்க்க வருகிறவர்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள், பீரோ பக்கம்கூடக் கண் போகும், பழைய வெந்தயத்தை யார் கிளறப் போகிறார்கள் என்பது சித்தியின் கணக்கு.

அக்டோபர் வந்தால் பத்திரிகைகளுக்கு ரோஸ் நிறம் ஏறிவிடும். 'மார்பகப் புற்றுநோய் மறுபடி வருமோ என்ற பயத்தை வென்ற பெண்கள், நாலு பக்கம், நல்ல படங்களோடு' என்று எனக்கும் உத்தரவு. ஏழெட்டுப் பேரிடம் பேசினேன். படத்துக்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை. வென்றவர் என்று சொல்லவும் ஒருவர் கிடைக்கவில்லை. சித்தி மட்டும் முழுக் கதையையும் எழுதச் சம்மதித்தாள், ஊர் பேர் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கீமோ ஏறும்போதும் கரண்ட் வைக்கும்போதும் பயம் அவ்வளவாக இல்லை என்று எல்லோருமே சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னார்: "தினம் யாராவது கையைப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. 'முடிஞ்சிருச்சும்மா, இனிமே மூணு மாசம் கழிச்சு வந்தா போதும்'னாங்க. எல்லாரும் ஸ்வீட் குடுத்தாங்க. பஸ்ல ஏறி உட்கார்ந்தப்பதான் எனக்குக் கை நடுங்குச்சு."

அதன் பிறகு உடம்பில் எந்த வலியும் சாதாரண வலியாக இருப்பதில்லை. முன்பெல்லாம் முதுகு வலித்தால் குடம் தூக்கியதால் என்று தைலம் தடவுவார்கள். இப்போது எலும்புக்குப் போய்விட்டதோ என்று மனசு ஓடுகிறது. இருமினால் நுரையீரல். தலை வலித்தால் சொல்லவே வேண்டாம். செக்கப்புக்கு ஒரு வாரம் முன்பே தூக்கம் போய்விடும். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் மூன்று நாள் நிம்மதி. நாலாவது நாள், 'ஸ்கேன் எடுத்த அப்புறம் வந்திருந்தா?'

சித்தி முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் விரலை ஓட்டுவாள். கல்யாணப் பந்தியில் நிற்கும்போதும், கோயில் வரிசையிலும். பார்ப்பவர்களுக்கு மடிப்பைச் சரிசெய்வது போல இருக்கும். நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்கே நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

இந்தப் பயத்தை வீட்டில் சொன்னால் வருகிற பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "வாயைக் கழுவு." அன்போடுதான் சொல்கிறார்கள். அபசகுனமான பேச்சு பலித்துவிடக் கூடாதே என்ற பதற்றம்தான். ஆனால் ஒருமுறை வாயைக் கழுவியவள் அடுத்த முறை அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அந்தப் பயம் பைத்தியக்காரத்தனமும் இல்லை. ஐந்து வருஷம் தாண்டினால் கண்டம் கழிந்தது என்று கேக் வெட்டுகிறார்களே, ஹார்மோனுக்கு வளரும் வகைக் கட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அது 20 வருஷம் வரைகூடத் திரும்பி வரலாம் என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஹார்மோன் தொடர்பில்லாத வகைகளில் சில, வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில வருஷங்களிலேயே வந்துவிடும். தன் கட்டி எந்த வகை என்று நான் பார்த்த பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஃபைல் மகன் கையில் இருக்கிறது.

பயம் எங்கே போகிறது? ஸ்கேன் மையத்துக்கு. அந்த ஆசிரியை வருஷா வருஷம் தன் கைக்காசில் பெட் ஸ்கேன் எடுக்கிறார். ஒரு வருஷம் வளையல் அடகுக்குப் போனது. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு டாக்டரின் கைப்பரிசோதனையும் வருஷத்துக்கு ஒரு மேமோகிராமும் போதும் என்பதுதான் உலகம் முழுக்க இருக்கும் நடைமுறை. இத்தாலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து இரண்டு ஆய்வுகள் நடந்தன. ஒரு பாதிக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேனும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள், மறு பாதிக்கு எடுக்கவில்லை. 1994இல் முடிவு வந்தபோது இரு தரப்பும் உயிரோடு இருந்த கணக்கில் வித்தியாசம் இல்லை. அந்தக் கால ஸ்கேன் வேறு, இந்தக் கால ஸ்கேன் வேறு என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. இருக்கட்டும்.

எனக்கு இப்போது கவலையெல்லாம் அந்த வெந்தய டப்பாவைப் பற்றித்தான். கட்டுரை பயத்தைப் பற்றி என்பது நினைவிருக்கிறது. ஆனால் மறுபடி வருமோ என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பெண், அதை வரவிடாமல் தடுக்கிற மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

டாமாக்சிஃபென் 1960களில் கருத்தடை மருந்து தேடியபோது கிடைத்தது. அந்த வேலைக்கு உதவவில்லை, இந்த வேலைக்கு உதவியது. ஹார்மோன் வகைக் கட்டி உள்ளவர்கள் ஐந்து வருஷம் தவறாமல் போட்டால், அடுத்து வரும் வருஷங்களில் இந்த நோயால் வரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பத்து வருஷம் தொடர்ந்தால் இன்னும் நல்லது என்று 2012இல் தெரிந்தது. ஒரு மாத்திரை டீக்கடைக் காபி விலைகூட வராது. பெட் ஸ்கேனுக்கு வளையலை அடகு வைப்பவர்கள் இதை நிறுத்துகிறார்கள்.

நிறுத்தக் காரணங்கள் இருக்கின்றன. நடுராத்திரி குபீரென்று உடம்பு காந்தும், எழுந்து ஃபேனுக்கு அடியில் நிற்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல் என்றால் விடியற்காலையில் விரல் மடங்காது, இட்லித் தட்டைப் பிரிக்க மகளைக் கூப்பிட வேண்டும். போனில் பார்த்து "இந்த மாத்திரையே கர்ப்பப்பையில கேன்சர் வரவைக்குமாம்" என்று சொல்ல ஒரு உறவுக்காரர் இருப்பார். ஆபத்து உண்டு, சிறியது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதை அந்த உறவுக்காரர் சொல்வதில்லை.

ஆனால் சித்தி விட்டது இதற்கெல்லாம் இல்லை. உள்ளூர் மருந்துக்கடையில் வாங்கினால் கடைக்காரர் மனைவிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். அதனால் மாதம் ஒரு பிரதோஷம் தஞ்சாவூருக்கு. நந்தி அபிஷேகம் பார்த்துவிட்டு, வரும் வழியில் இரண்டு தெரு தள்ளி ஒரு கடை. மழை பெய்து பஸ் வராத மாதம் பதினோரு நாள் மாத்திரை இல்லை. மகள் கல்யாணத்தின்போது வீடு நிறைய உறவு, டப்பா பக்கமே போக முடியவில்லை. நாற்பது நாள். விரலை மட்டும் காறை எலும்புக்கு மேல் ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

பரம்பரை வியாதி, பெண்ணை யார் கட்டுவார்கள் என்பதுதான் இந்த ஒளிப்புக்குக் காரணம். மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். அப்படியே பரம்பரை என்றாலும் முதலில் தெரிய வேண்டியது அந்த மகளுக்குத்தானே? சித்தி மகளிடம் சொன்னது 'கர்ப்பப்பைக் கட்டி, எடுத்தாச்சு' என்று. மார்பு எடுத்த இடது பக்கத்தில் பஞ்சும் கொஞ்சம் கடுகும் வைத்துத் தைத்த பையோடுதான் தாரை வார்த்தாள்.

போன வருஷம் ஐந்து வருஷம் முடிந்தது. நிறுத்தலாமா, தொடரலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "எழுதிக் குடுங்க, போட்டுண்டே இருக்கேன்" என்றாளாம். மாத்திரை இல்லை என்றால் துணையில்லாத மாதிரி இருக்கும் என்றாள் என்னிடம்.

மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இனி யாரும் பெண் பார்க்க வரப் போவதில்லை. இன்னும் எதற்கு வெந்தய டப்பா என்று கேட்டேன்.

"பேத்தி பொறந்திருக்காளேடி" என்றாள்.