நாட்பட்ட முதுகுவலியும் நரம்புத் தடை ஊசியும்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் முதுகுவலியை நாட்பட்ட வலியென வைத்திய உலகு வகைப்படுத்துகின்றது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 619 மில்லியன் மக்கள் கீழ்முதுகு வலியால் அவதியுற்றனர் என உலக சுகாதார தாபனம் கணித்துள்ளது. அவர்களுள் பெரும்பாலானோரின் வலிக்கு இன்ன எலும்புதான், இன்ன நரம்புதான் காரணம் எனத் திட்டவட்டமாகச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. மாத்திரையும் எண்ணெயும் பலனளிக்காத கட்டத்தில், "முதுகில் ஓர் ஊசி போட்டுப் பார்ப்போமா?" எனும் கேள்வி நோயாளியின் முன் வைக்கப்படுகின்றது. சிலருக்கு அது கடைசி நம்பிக்கையாகத் தோன்றுகின்றது. வேறு சிலரோ நடக்கமுடியாமற் போய்விடும் என அஞ்சி வைத்தியசாலைப் பக்கமே தலைகாட்டுவதில்லை. இரண்டும் மிகையானவை என்பதே எமது கருத்து.

வலியை அகற்றுவதற்கும் வலியுணர்வை மறைப்பதற்கும் இடையிலான வேறுபாடு புதியதன்று. இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் வலியைப் பதினைந்து வகைகளாகப் பிரித்து, குத்தும் வலி, துளைக்கும் வலி, அழுத்தும் வலி, துடிக்கும் வலி, மரத்துப்போகும் வலி என ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டார். வலி தணிக்கும் மருந்துகளைப் பற்றிப் பேசுகையில், வலியின் காரணத்தையே எதிர்ப்பவை வேறு, உணர்வை மரத்துப்போகச் செய்பவை வேறு என்று பிரித்துக் காட்டினார். அபினை இரண்டாம் வகையிலேயே சேர்த்தார். நரம்புத் தடை ஊசி இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தது? இன்றைய வைத்தியர்கள் விவாதித்துக்கொண்டிருப்பதும் ஏறத்தாழ இக்கேள்வியைத்தான்.

1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் எனும் இளம் வைத்தியர் கொக்கெய்ன் கரைசலால் கண்ணை மரக்கச் செய்து சத்திரசிகிச்சைக்கு வழிகாட்டினார். 1901இல் பாரிஸில் சிக்கார், கத்தலின் எனும் இருவர், தனித்தனியே, வால் எலும்பை அண்டிய துவாரத்தின் ஊடாக அம்மருந்தை முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே செலுத்தினர். 1943இல் சுவீடனில் நில்ஸ் லொஃப்கிரேன் லிடொகெய்னைத் தயாரித்தார். 1948இல் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளருக்குக் கோர்ட்டிசோனை வழங்கி வியத்தகு பலன் கண்டார். 1950களின் ஆரம்பத்தில் இவ்விரு மரபுகளும் ஒன்றிணைந்தன. மரக்கச் செய்யும் மருந்து சில மணிநேரம் நரம்பின் சமிக்ஞையைத் தடுக்கும். ஸ்டீரொயிட் நரம்பைச் சுற்றிய அழற்சியைச் சில நாட்களில் தணிக்கும் என்பதே இன்றும் இவ்வூசியின் அடிப்படை.

எனினும் 'முதுகு ஊசி' என்று பொதுவழக்கில் கூறப்படுவது ஒரே சிகிச்சையன்று. தட்டு விலகி நரம்பு வேரை அழுத்துவதால் இடுப்பிலிருந்து கால்வரை மின்னதிர்ச்சி போற் பாயும் வலி ஒன்றுண்டு. அரபு வைத்தியர்கள் 'இர்குந் நஸா' என அழைத்ததும் இதனையே. இதற்குத் தண்டுவட உறைக்கு வெளியேயுள்ள 'எபிடியூரல்' வெளியில் மருந்து செலுத்தப்படுகின்றது. காலுக்கு இறங்காமல் முதுகிலேயே தங்கி நிற்கும் வலி முற்றிலும் வேறானது. முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் இணைக்கும் 'பெசட்' மூட்டுகள் எனப்படும் சிறு மூட்டுகள் அதன் ஊற்றாக இருக்கலாம் எனச் சந்தேகித்தால், அம்மூட்டுகளுக்குச் செல்லும் நுண்ணிய நரம்புக் கிளைகளின்மீது எக்ஸ்ரே திரையின் துணையுடன் சில துளி மருந்தை இடுவர். ஒவ்வொரு மூட்டுக்கும் இரு கிளைகள் உண்டு; இரண்டையும் தடுத்தாக வேண்டும்.

இவ்விரண்டாம் வகை ஊசி, உண்மையில், சிகிச்சையைவிடச் சோதனையாகவே அமைகின்றது. ஊசிக்குப் பின் சில மணிநேரம் வலி பெருமளவு நீங்கினால், சந்தேகித்த மூட்டே காரணம் என ஊகிக்கலாம். நீங்காவிட்டால் தேடலை வேறிடத்திற் தொடரவேண்டும். ஆகவே மறுநாள் வலி திரும்பிவிட்டதே என ஊசி 'தோற்றுவிட்டதாக' எண்ணுவது பிழை. அதன் பணி அந்தச் சில மணிநேரத்திலேயே முடிந்துவிட்டது. அந்நேரத்தில் நோயாளி படுத்துக் கிடவாது, வழமையாக வலி தரும் அசைவுகளைச் செய்துபார்த்து, மணிக்கொரு முறை வலியின் அளவைக் குறித்துவைத்தல் வேண்டும். இதனை முன்கூட்டியே விளக்காத வைத்தியர் சோதனையின் பாதிப் பயனை வீணாக்குகின்றார். எதிர்பார்ப்பே வலியைக் குறைத்துவிடுவதும் உண்டாதலால், ஒரு தடவை கிடைத்த நல்ல விடையை மாத்திரம் நம்பாது, வேறொரு நாளில் மீண்டும் சோதித்துப் பார்ப்போரும் உளர்.

சோதனை வெற்றியளித்தால் அடுத்த படியாக, ரேடியோ அலையால் ஊசிமுனையை ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி அந்நரம்புக் கிளையைச் சுடுவர். நரம்பு மாதங்கள் சென்றபின் மீண்டும் வளரும்; வலியும் திரும்பலாம். அல்ஸஹ்ராவீ தமது 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியில் முதுகுவலிக்கும் இடுப்புநரம்பு வலிக்கும் சூட்டுக்கோல் சிகிச்சையை விவரித்திருப்பதைக் காட்டி, இதுவும் நம்மவர் கண்டதே எனச் சிலர் பெருமை கொள்ளக்கூடும். அவர் சுட்டது தோலை. இவர்கள் சுடுவது பெயர் குறிக்கப்பட்ட ஒரு நரம்புக் கிளையை. அல்ஸஹ்ராவீயின் மேன்மைக்கு இத்தகைய இரவல் புகழ் அவசியமில்லை.

இனி, இவை பலன் தருகின்றனவா? இடுப்புநரம்பு வலிக்கான எபிடியூரல் ஸ்டீரொயிட் பற்றிய பரிசோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டின் கொக்ரேன் ஆய்வு, குறுகிய காலத்திற் கால்வலி 100 புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ 5 புள்ளிகள் மட்டுமே குறைவதைக் கண்டது. தண்டுவடக் குழாய் ஒடுங்கிய 400 முதியோரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2014இல் வெளிவந்த ஆய்வில், லிடொகெய்னுடன் ஸ்டீரொயிட் சேர்த்தமையால் ஆறு வாரங்களிற் குறிப்பிடத்தக்க மேலதிக நன்மை விளையவில்லை. நரம்பைச் சுடும் முறையை உடற்பயிற்சியுடன் சேர்த்துச் சோதித்த நெதர்லாந்து ஆய்வுகளும் 2017இல் அவ்வாறே ஏமாற்றமளித்தன. பிரித்தானியாவின் 'நைஸ்' அமைப்பு 2016இல், வெறும் முதுகுவலிக்கு முள்ளந்தண்டு ஊசிகளைத் தவிர்க்குமாறு கூறியது. ஆயினும் அண்மையில் தோன்றிய கடுமையான கால்வலிக்கு எபிடியூரலையும், தடை ஊசிச் சோதனையில் தேறியவர்களுக்கு நரம்பைச் சுடும் முறையையும் கருத்திற் கொள்ள இடமளித்தது. 2025இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த சர்வதேசக் குழுவொன்றின் வழிகாட்டல் இதனினும் கடுமையானது: நாட்பட்ட முள்ளந்தண்டு வலிக்கு இவ்வகை ஊசிகளையும் நரம்பைச் சுடுதலையும் பெரும்பாலானோருக்கு வழங்கலாகாது என்றது. வலிநிவாரண நிபுணர்களின் சங்கங்கள் இதனை மறுத்தன. தெரிவு செய்யப்பட்ட நோயாளரையும் தெரிவு செய்யப்படாதோரையும் ஒன்றாகக் கலந்து சராசரி காண்பது நியாயமன்று என்பது அவர்களது வாதம்.

அவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு; எனினும் ஊசியால் வருமானம் பெறுவோர் ஊசிக்காக வாதிடும்போது கேட்பவர் சற்று நிதானிப்பது முறையே. எமக்குத் தோன்றுவது இதுதான்: கால்வலி தூக்கத்தையே பறித்து, உடற்பயிற்சியைத் தொடங்கவும் விடாத வாரங்களில், ஓர் எபிடியூரல் ஊசி பெற்றுத்தரும் இடைவேளை பெறுமதியுள்ளது. ஆண்டுக்கணக்கான மந்தமான முதுகுவலிக்கு, சோதனையேதுமின்றி, 'மூன்று ஊசிகள் கொண்ட தொகுதி' என முன்கூட்டியே விலைபேசப்படும் சிகிச்சையை ஏற்காதிருப்பதே நன்று. எம்.ஆர்.ஐ. படத்தில் தட்டுத் தேய்வு தெரிகின்றது என்பதும் போதிய காரணமாகாது. வலியே இல்லாத இருபது வயதினரில் 37 வீதமானோரிடமும் எண்பது வயதினரில் 96 வீதமானோரிடமும் அத்தேய்வு காணப்படுவதாக 2015ஆம் ஆண்டின் தொகுப்பாய்வொன்று காட்டியுள்ளது.

ஆபத்துகள் அரிதானவை, ஆயினும் இல்லையென்று கூறமுடியாது. 2012இல் அமெரிக்க மருந்துத் தயாரிப்பகம் ஒன்றிலிருந்து வந்த ஸ்டீரொயிட் குப்பிகளிற் பூஞ்சை கலந்திருந்தமையால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2014இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம், எபிடியூரல் ஸ்டீரொயிட்டால் மிக அரிதாகப் பக்கவாதமும் பார்வையிழப்பும் நேரலாம் என எச்சரித்தது. நமது சமூகத்தில் நீரிழிவு பரவலாக இருப்பதால் இன்னொன்று முக்கியமாகின்றது: ஸ்டீரொயிட் ஊசிக்குப் பின் பல நாட்களுக்கு இரத்தச் சர்க்கரை உயரக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துண்போர் அதனை முன்னரே தெரிவித்தல் அவசியம். தாமாக நிறுத்துவதும் கூடாது. காய்ச்சல், உடல் மெலிதல், முன்னர் கண்ட புற்றுநோய் ஆகியவற்றோடு வரும் முதுகுவலியில், முள்ளந்தண்டுக் காசநோய் உட்பட மறைந்த நோய்களைத் தேடிப்பார்த்த பின்பே ஊசி. சிறுநீர் கட்டுதல், இருக்கைப் பகுதி மரத்துப்போதல், இரு கால்களும் தளர்தல் ஆகியன தோன்றினால் ஊசியைப் பற்றிய பேச்சே வேண்டாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவை நாடவேண்டும்.

மார்க்க அனுட்டானங்கள் தொடர்பிலும் கேள்விகள் எழுகின்றன. ஊசியின் பின் சில மணிநேரம் கால் தளர்ந்திருக்கலாம். அன்று வாகனம் ஓட்டலாகாது. அவ்வேளையின் தொழுகையை அமர்ந்தவாறே தொழலாம். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் சாய்ந்தும் தொழும் சலுகை நாமறிந்ததே. நோன்பைப் பொறுத்தவரை, ஊட்டச்சத்து நோக்கமற்ற ஊசிமருந்துகள் நோன்பை முறிக்காது என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்தது. ஆயினும் நீரிழிவுள்ளவருக்குப் பிரச்சினை ஊசியில் அல்ல, அதன் பின்வரும் நாட்களில். உயர்ந்து செல்லும் சர்க்கரையையும் நோன்பால் மாறிய மருந்து நேரங்களையும் ஒருசேரச் சமாளிப்பது கடினம். அவசரமற்ற ஊசியாயின், அத்தகையோர் ரமழான் கழிந்தபின் ஒரு நாளைத் தம் வைத்தியருடன் கலந்து குறித்துக்கொள்ளலாம்.