தோளில் தொங்கும் இயற்பியல்

ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில், லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த இந்தப் பொறியாளருக்குப் புகைப்படம் எடுப்பதில் கொள்ளை ஆசை. ஆனால், கண்ணாடித் தகடு செருகும் அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவைச் சுமந்துகொண்டு நடக்க மூச்சு இடங்கொடுக்கவில்லை. அதனால் சினிமா ஃபிலிமில் படம் பிடிக்கும் கையடக்கக் கேமரா ஒன்றை முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு செய்து பார்த்தார். 1925-இல் அது லைகா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

நூறாண்டு கழித்து, அவர் இறக்கிவைத்த பாரம் தொழில்முறைப் புகைப்படக்காரர்களின் தோளில் மறுபடி ஏறியிருக்கிறது. நிக்கான் டி850 கேமரா பேட்டரியோடு 1,005 கிராம். அதில் மாட்டும் 70-200 லென்ஸ் 1,430 கிராம். இரண்டும் சேர்ந்து 2.4 கிலோ. கல்யாணத்துக்குப் போகிறவர் அதோடு நிற்பதில்லை. 24-70 லென்ஸ் மாட்டிய இன்னொரு பாடியும் தொங்கும். மொத்தம் நாலரைக் கிலோ. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் சுமை குறைந்தது உண்மை. சோனி ஏ7 IV இரண்டும் புதிய தலைமுறை லென்ஸ்கள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3 கிலோதான். ஆனாலும் மாலை ரிசப்ஷனில் மாட்டிய கேமராவை மறுநாள் முகூர்த்தம், பந்தி எல்லாம் முடிந்து இறக்குகிறவருக்கு 3 கிலோவும் சின்ன எடை இல்லை.

வலி வந்ததும் பலரும் செய்வது, கடையில் இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்ட்ராப்பாகப் பார்த்து வாங்குவது. எந்த ஸ்ட்ராப்பும் ஒரு கிராம் எடையைக்கூடக் குறைக்காது. அந்த எடை உடம்பில் எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில், எவ்வளவு நேரம் உட்காருகிறது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. மெத்தை இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் மருந்து.

சும்மாட்டுக் கணக்கு

தலைச்சுமைக்காரர் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பது பாரத்தைப் பரப்பில் பிரித்துவிடத்தான். ஸ்ட்ராப்பின் அகலம் செய்யும் வேலையும் அதுவே. 2.4 கிலோ கேமரா ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கயிற்றில் தொங்குகிறது, கயிறு தோளில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோலிலும் 240 கிராம் அழுத்தும். இரத்த அழுத்தம் அளக்கும் அலகில் சொன்னால் 176 மி.மீ. பாதரசம். அகலம் 4 சென்டிமீட்டரானால் 44 மி.மீ.; 6 சென்டிமீட்டரானால் 29 மி.மீ.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? அமெரிக்க உடலியல் ஆய்வாளர் யூஜீன் லாண்டிஸ், மனிதத் தோலின் நுண்குழாய்களில் மிக மெல்லிய ஊசியைச் செலுத்தி உள்ளே இருக்கும் இரத்த அழுத்தத்தை அளந்து 1930-இல் வெளியிட்டார். தமனிப் பக்க முனையில் சராசரி 32 மி.மீ. வெளியிலிருந்து வரும் அழுத்தம் இதைவிட அதிகமாகி நீடித்தால், அந்த இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்படத் தொடங்கும் என்பது பொதுவான கணிப்பு. தோளில் சிவந்த தடமும் எரிச்சலும் வருவது இதனால்தான்.

ஆகவே 5 முதல் 6 சென்டிமீட்டர் அகலம் போதும். அதற்கு மேல் போனால் இலாபம் குறைவு, தொல்லை அதிகம். கழுத்திலிருந்து தோள் சரிந்து இறங்குகிறது. விறைப்பான அகல ஸ்ட்ராப் அந்தச் சரிவில் முழுசாகப் படியாமல் ஓர் ஓரத்தில் மட்டும் நிற்கும். வாங்கியது 6 சென்டிமீட்டர், தோளுக்குக் கிடைப்பது 1 சென்டிமீட்டர் என்றாகிவிடும். தோளின் வளைவுக்கு ஏற்ப வெட்டியதா, ஓரம் மடங்கி மென்மையாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது தடிமனை அமுக்கிப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

முன்னால் 2.4, பின்னால் 12

கழுத்தில் மாட்டி நெஞ்சுக்கு முன்னால் தொங்கவிடுவது பழைய வழக்கம். நீண்ட லென்ஸோடு அப்படித் தொங்கும் கேமராவின் எடை, முதுகெலும்பிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். உடம்பு முன்னால் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கீழ்முதுகுத் தசைகளோ முதுகெலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. நெம்புகோல் விதிப்படி, ஐந்து மடங்கு குறைவான தூரத்தில் இருப்பது ஐந்து மடங்கு அதிகமாக இழுக்க வேண்டும். முன்னால் 2.4 கிலோவைத் தொங்கவிட்டால், முதுகுத் தசை 12 கிலோவுக்குச் சமமாக இழுக்கிறது. இரண்டின் பாரமும் முதுகுத் தண்டின் வட்டுகள் மேல் விழுகிறது.

கழுத்தின் கதை தனி. படம் சரியாக வந்ததா என்று ஒவ்வொரு கிளிக்குக்கும் திரையைக் குனிந்து பார்க்கிறோம். நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணினி மாதிரியின்படி, நிமிர்ந்திருக்கையில் சுமார் 5 கிலோவாக உணரப்படும் தலை, 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்புக்கு 27 கிலோவாகிறது. அந்தக் கழுத்தின் பிடரியிலேயே ஸ்ட்ராப்பும் தொங்கினால் வலிக்காமல் என்ன செய்யும்?

எனவே கேமரா உடம்பின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு நெருக்கமாகத் தொங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போகும் ஸ்லிங் வகை ஸ்ட்ராப்புகள் பிரபலமானதற்கு இதுவே காரணம். கேமரா இடுப்பை ஒட்டித் தொங்குவதால் முன்னிழுப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. ஆனால், விலை இல்லாமல் இல்லை. முழு எடையும் ஒரே தோளில் இறங்குகிறது; குறுக்காக இழுப்பதால் பட்டை மெல்ல மெல்லக் கழுத்தை நோக்கி நகர்கிறது.

காறை எலும்பின் கீழே

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத்தான் போகிறது. கனமான முதுகுப்பை சுமக்கும் இராணுவ வீரர்களுக்கும் மலையேறிகளுக்கும் இந்தக் கற்றை நசுங்கிக் கை மரத்துப்போவதை மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. கேமராவின் எடை அந்த அளவு இல்லை. ஆனாலும் குறுகிய பட்டை காறை எலும்பின் மேலேயே மணிக்கணக்கில் நின்றால் விரல்களில் குறுகுறுப்பு வரலாம். ஸ்ட்ராப்பின் மெத்தைப் பகுதி, கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே உள்ள சதைப்பற்றான இடத்தில் படியும்படி நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். பட்டையைக் கழற்றிய பிறகும் மரத்துப்போதல் நீடித்தால் கடைக்காரரைவிட மருத்துவரைப் பார்ப்பது முறை.

துள்ளும் கேமரா

இழுத்தால் நீளும் நியோப்ரீன் ஸ்ட்ராப்பில் கேமராவை மாட்டியதும் எடை குறைந்தாற்போல் தோன்றும். நியோப்ரீன், 1930-இல் அமெரிக்காவின் டுபான்ட் ஆய்வகத்தில் பிறந்த செயற்கை ரப்பர். நின்றுகொண்டிருக்கும்வரை அது சுகம். நடக்கத் தொடங்கினால் கணக்கு மாறும்.

நீளும் பட்டையில் தொங்கும் கேமரா, சுருள்வில்லில் தொங்கும் எடைக்குச் சமம். அதற்கென்று ஓர் இயல்பான துள்ளல் வேகம் உண்டு. கேமராவை மாட்டியதும் ஸ்ட்ராப் எத்தனை சென்டிமீட்டர் நீள்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் ஐந்தை வகுத்தால் ஒரு விநாடிக்கு எத்தனை துள்ளல் என்று கிடைக்கும். 6 சென்டிமீட்டர் நீண்டால் விநாடிக்கு ஏறக்குறைய 2 துள்ளல். வேகமாக நடக்கும் மனிதர் விநாடிக்கு எடுத்துவைப்பதும் ஏறக்குறைய 2 அடிதான். இரண்டும் ஒத்துப்போனால் ஒத்ததிர்வு. ஒவ்வோர் அடிக்கும் கேமரா கூடுதலாகக் குதிக்கும், தோள் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வை வாங்கும். மணமகன் ஊர்வலத்தில் முன்னால் ஓடிப் பின்னால் திரும்பிப் படமெடுக்கிறவரின் காலடி விநாடிக்கு 2.5 முதல் 3 வரை போகும். அவருக்கு ஆபத்தான நீட்சி 3, 4 சென்டிமீட்டர்.

நீட்சியை அதிகமாக்கினால் என்ன? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ரோம் அதைத்தான் செய்தார். முதுகுப்பையின் சுமையை நீண்ட மீள்கயிறுகளில் தொங்கவிட்டால், உடம்பு ஏறி இறங்கினாலும் சுமை ஏறக்குறைய அசையாமல் நிற்கும், சுமப்பவரின் சக்தியும் மிச்சமாகும் என்று 2006-இல் நேச்சர் இதழில் அவர் குழு காட்டியது. நடைக்கு அந்தப் பலன் கிடைக்க, நமது சூத்திரப்படி ஸ்ட்ராப் 12 சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டும். இடுப்பில் இருக்க வேண்டிய கேமரா தொடைக்குப் போய்விடும். ஆக, நடந்து வேலை செய்கிறவருக்கு ஒரு சென்டிமீட்டரைச் சுற்றி நீள்வதே நல்ல ஸ்ட்ராப். அந்தச் சிறிய நீட்சி மட்டும் தேவை. கை நழுவி 30 சென்டிமீட்டர் விழும் கேமராவை, துளியும் நீளாத பட்டை தடுத்து நிறுத்தும்போது கொக்கியில் விழும் இழுப்பு மிகப் பெரிது. ஒரு சென்டிமீட்டர் இடம் கொடுத்து நிறுத்தினால்கூட அது கேமராவின் எடையைப் போல் 31 மடங்கு, ஏறக்குறைய 74 கிலோ. பீக் டிசைன் நிறுவனம் தன் சின்னஞ்சிறு இணைப்புக் கயிறுகள் 90 கிலோ தாங்கும் என்று குறிப்பிடுவது வீண் பெருமை இல்லை.

ஓய்வில்லாத இழைகள்

அகலம் சரி, இடம் சரி, நீட்சியும் சரி. பிறகும் சாயங்காலம் தோள் வலிக்கிறதே? இங்கேதான் மெத்தையால் ஆகாத விஷயம் வருகிறது. தசையின் எல்லா இழைகளும் ஒன்றாக வேலை செய்வதில்லை. சிறிய சுமை வந்ததும் மெல்லிய இழைகள் முதலில் விழிக்கின்றன. சுமை முழுவதுமாக நீங்கும்வரை அவை உறங்குவதில்லை. ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் ஹேக் 1991-இல் இவற்றுக்கு, முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் கதாநாயகியின் நினைவாகச் சிண்ட்ரெல்லா இழைகள் என்று பெயரிட்டார். கனமே இல்லாத வேலையை நாள் முழுக்கச் செய்கிறவர்களுக்கும் தோள்பட்டைத் தசை ஏன் வலிக்கிறது என்பதற்கு இந்தக் கருதுகோள் விளக்கம் தருகிறது. பாதி எடையைக் குறைத்தாலும் இந்த இழைகளுக்கு ஓய்வு கிடைக்காது. சில விநாடிகளாவது சுமையை முழுக்க இறக்கினால்தான் கிடைக்கும்.

ஆகையால் ஒரு ஸ்ட்ராப்பின் சுகத்தை அதன் பஞ்சைவிட அதன் கொக்கியே தீர்மானிக்கிறது. ஒற்றைக் கையால் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால், ஒரு விநாடியில் கழற்ற முடிந்தால், வலது தோளிலிருந்து இடதுக்கு மாற்ற முடிந்தால், புகைப்படக்காரர் அதைச் செய்வார். இரண்டு கையும் பல்லும் தேவைப்படும் கொக்கியைக் கல்யாண மேடையில் யாரும் தொடமாட்டார்கள்.

வியர்வையும் திருகும்

நம்மூர் வெயிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஈரத்தோலில் உராய்வு உலர்ந்த தோலைவிட அதிகம். காற்றுப் புகாத நியோப்ரீன் வியர்வையைத் தேக்கிவைக்கும். அதன் தயாரிப்பில் சேரும் தயோயூரியா வகை வேதிப்பொருள்கள் சிலருக்குத் தோல் அழற்சி தரும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் பட்டையும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பைத் தரக்கூடும். தமிழகத்தில் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களில் தோல் பதனிடும் பழைய முறை உண்டு. அப்படிப் பதனிட்ட தோல் அவர்களுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்குத் துவைக்கக்கூடிய நெய்த நைலானோ பருத்தியோ போதும்.

ஸ்லிங் வகைகள் பலவும் கேமராவின் அடியிலுள்ள முக்காலித் துளையில் திருகப்படுகின்றன. அந்தத் திருகு கால் அங்குலம் தடிமன், அங்குலத்துக்கு 20 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு அது நகர்வது 1.27 மி.மீ. மட்டுமே; துளையின் ஆழமோ சில மில்லிமீட்டர். தொங்கும் கேமரா நடையில் திரும்பித் திரும்பி ஆடும்போது, நாலைந்து சுற்றில் திருகு வெளியே வந்துவிடலாம். ரப்பர் வளையம் வைத்து இறுக்குவதும், பாடியின் காதில் ஒரு காப்புக் கயிறு கட்டுவதும் அவசியம். 70-200 போன்ற கனமான லென்ஸ் மாட்டினால் எடையின் மையம் லென்ஸ் பக்கம் போய்விடும். அப்போது லென்ஸின் காலர் பாதத்தில் ஸ்ட்ராப்பை இணைத்தால் கேமரா சமநிலையில் தொங்கும். லென்ஸ் வாயிலும் அழுத்தம் விழாது.

யாருக்கு எது?

இரண்டு பாடியோடு அலைகிற கல்யாணப் புகைப்படக்காரருக்கு இரு தோளிலும் எடையைப் பங்கிடும் ஹார்னஸ் ஏற்றது. முதுகில் அதன் பட்டைகள் சந்திக்கும் இடம் கழுத்தெலும்பின் மேல் வராமல், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இறங்கி நிற்க வேண்டும். ஒரே பாடியோடு ஓடும் பத்திரிகைக்காரருக்கு நீளம் மாற்றக்கூடிய ஸ்லிங். கழுத்து, தோள் வலி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இடுப்பு பெல்ட்டில் கேமராவைச் செருகும் ஹோல்ஸ்டர். எடை நேராக இடுப்பெலும்புக்குப் போய்விடும். பறவை, விலங்கு எடுப்பவர் பெரிய லென்ஸை மோனோபாடில் நிறுத்திவிட்டு, ஸ்ட்ராப்பை நடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஸ்டுடியோவில் பொருள்களைப் படமெடுப்பவருக்கு ஸ்ட்ராப்பே தேவையில்லை, மணிக்கட்டுப் பட்டை போதும்.

வாங்கப் போகும்போது உங்கள் கேமராவையும் உங்களிடமுள்ள மிகக் கனமான லென்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஸ்ட்ராப்பின் நீளத்தை டேப்பால் அளந்து பாருங்கள். கடைக்குள்ளேயே வேகமாக நடந்து, கேமரா துள்ளுகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் ஸ்ட்ராப்பைக் கழற்றி மறுதோளில் மாட்டிப் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையில் தேறாத ஸ்ட்ராப் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், விலை எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.