நினைத்தால் புறப்படலாம்: குழந்தைகளோடு காரில் திடீர்ப் பயணம்

முன்பதிவு ஏதுமின்றி, முந்தைய இரவோ அன்று காலையோ முடிவெடுத்து, சொந்தக் காரில் குழந்தைகளோடு புறப்பட்டு, அன்று இரவுக்குள்ளோ மறுநாளோ வீடு திரும்புவதைத் திடீர்ப் பயணம் என்று வகுத்துக்கொண்டால், அதில் உண்மையிலேயே திடீரென முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்பது புலப்படும்: எங்கே போவது என்பது. வண்டியின் நிலை, குழந்தையின் இருக்கை, மருந்துப் பை, ஆவணங்கள் ஆகியவை ஊருக்கு ஊர் மாறுவதில்லை. ஆகவே அவற்றை ஆண்டு முழுவதும் ஆயத்தமாக வைத்திருக்கும் குடும்பம் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறது, மற்றக் குடும்பங்களோ பாதிக் காலையைத் தேடுவதிலும் கோபித்துக்கொள்வதிலும் கழித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு புறப்படுகின்றன.

தூரத்தைத் தீர்மானிக்கும் அளவுகோல் வண்டியின் திறனோ ஓட்டுபவரின் உற்சாகமோ ஆகாது. குழந்தை எவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க முடியும் என்பதே அந்த அளவுகோல். பள்ளிக்குச் செல்லும் வயதுக் குழந்தைக்கு ஒரு வழிக்கு மூன்று மணி நேரமும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கி ஓடியாட ஓர் இடைவெளியும் போதிய வரம்பு. கைக்குழந்தை இருந்தால் அதுவும் குறையும். சென்னைக் குடும்பத்துக்கு மாமல்லபுரமும், நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் தங்கும் வேடந்தாங்கலும், சுமார் 150 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரியும் இந்த வரம்புக்குள் அடங்குகின்றன. திருச்சிக்காரர்களுக்குச் சித்தன்னவாசலும், கோவைக்காரர்களுக்கு ஆழியாறும் அப்படியே. சென்னையிலிருந்து ஒரே மூச்சில் உதகைக்குப் போவது திடீர்ப் பயணம் என்ற பெயரில் செய்யப்படும் நெடும்பயணம். அதற்கு விடுப்பும் தங்குமிடமும் முன்கூட்டியே வேண்டும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் உணவை அளவுக்கு மீறியே கட்டிக்கொள்கின்றன. குழந்தை எங்கே, எப்படி உட்காரும் என்பதைப் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. முன் இருக்கையில் தாயின் மடியில் குழந்தையை அமர்த்துவது அன்பின் அடையாளமாகவும் பாதுகாப்பாகவும் கருதப்படுகிறது, ஆனால் இயற்பியல் அதை ஏற்பதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், மடியிலிருக்கும் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் அளவு விசை தேவைப்படும். எந்தக் கைக்கும் அந்த வலு கிடையாது. போதாக்குறைக்கு, மோதலின்போது வெடித்து விரியும் காற்றுப்பையும் சீட் பெல்ட்டும் வளர்ந்த உடலை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைகளுக்கான தனி இருக்கையோ இன்றி அழைத்துச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. இந்த விதி ஏட்டோடு நின்றுவிட்டதைச் சாலையில் பார்க்கும் எவரும் அறிவர்.

குழந்தைகளுக்கான தனி இருக்கை என்பது, வண்டியின் பின்னிருக்கையில் பெல்ட்டாலோ, இருக்கையின் முதுகும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் உள்ள இரும்புக் கொக்கிகளாலோ இறுகப் பிணைக்கப்பட்டு, தன் சொந்த வார்களால் குழந்தையைத் தோளிலும் இடுப்பிலும் பிடித்துக்கொள்ளும் அமைப்பு. கைக்குழந்தைக்கு அது வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி பொருத்தப்பட வேண்டும், ஏனெனில் மோதலின் விசை அப்போது மெல்லிய கழுத்தின்மீது விழாமல் முதுகு முழுவதும் பரவுகிறது. காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் இப்படிப்பட்ட இருக்கையை ஒருபோதும் வைக்கக்கூடாது. சற்று வளர்ந்த குழந்தைக்கு, உயரத்தைக் கூட்டித் தரும் திண்டு போன்ற பூஸ்டர் இருக்கை உதவும். சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் எட்டும்வரை பெரியவர்களின் பெல்ட் குழந்தையின் தோளில் படியாமல் கழுத்தை அறுப்பதும், இடுப்பெலும்பில் நிற்காமல் வயிற்றில் ஏறுவதுமே அதன் தேவைக்குக் காரணம். இந்த இருக்கையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டால், கிளம்பும் அவசரத்தில் அது பரணிலேயே தங்கிவிடும் என்பதால், அதை வண்டியிலேயே நிரந்தரமாக விட்டுவைப்பதுதான் முறை.

அடுத்த தொல்லை வாந்தி. வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலையில் 70 வளைவுகளும் இருக்கையில், மலைப்பாதையில் குழந்தை வாந்தியெடுப்பதைத் தற்செயலாகக் கொள்ள முடியாது. உடலின் அசைவையும் சமநிலையையும் உணரும் உறுப்பு உட்செவியில் இருக்கிறது. வண்டி வளையும்போது அது அசைவைத் தெரிவிக்க, முன்னிருக்கையின் முதுகையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் எதுவும் அசையவில்லை என்று தெரிவிக்க, இந்த முரண்பாட்டையே மூளை குமட்டலாக வெளிப்படுத்துகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் இது அரிது. 2 முதல் 12 வயது வரையில்தான் மிகுதி. குழந்தையை அமைதியாக வைத்திருக்கும் என்று நம்பித் தரப்படும் கைபேசிப் படம் மலைப்பாதையில் நேர்மாறான பலனையே தருகிறது. காதால் கேட்கும் கதையும் பாட்டும் அந்தக் கெடுதலைச் செய்வதில்லை. தொலைவிலுள்ள மலைமுகட்டைப் பார்க்கச் செய்வதும், ஜன்னலைச் சற்று இறக்கிக் காற்று விடுவதும், அடிவாரத்தை அடைவதற்கு முன் நெய்யும் எண்ணெயும் மிகுந்த பலகாரத்தைத் தவிர்த்து இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதும் பயன் தரும்.

வாந்தித் தடுப்பு மருந்து தருவதாக இருந்தால், அதன் அளவைக் குழந்தைநல மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிப்பதால் வளைவுகள் தொடங்கிய பின் கொடுத்துப் பயனில்லை. மேலும் இவ்வகையில் பரவலாக வழங்கும் ப்ரோமெதசின், மூச்சைத் தடைப்படுத்தக்கூடும் என்பதால் 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அறவே கூடாது.

நிலையாகக் கட்டி வைக்கும் பை பெரியதாக இருக்கத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, பழைய செய்தித்தாள், வாந்திக்கான உறைகள், எடைக்கேற்ற அளவு எழுதி ஒட்டிய பாராசிட்டமால் மருந்து, பிளாஸ்திரி, டார்ச் விளக்கு, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆகியவை போதும். இந்தக் கரைசல், வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் உடல் இழக்கும் நீரையும் உப்புகளையும் ஈடுசெய்வது. ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலமும் 200 மில்லிலிட்டருக்கான பொட்டலமும் கடையில் அருகருகே கிடைப்பதால், எவ்வளவு நீரில் கரைக்க வேண்டும் என்று உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தே கரைக்க வேண்டும். உணவில், காலையில் பாலை மிகுதியாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைந்த சாதம் நண்பகலில் புளிக்காத தயிர்ச் சாதமாக மாறியிருக்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் பிற்பகல் வரை தாங்கும். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவது சிக்கனம் மட்டுமன்று. நீலகிரியின் சோதனைச்சாவடிகளில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள் பறிமுதல் செய்யப்படுகின்றன.

வண்டியைப் பொறுத்தவரை டயரே முதன்மையானது. ஓடிச் சூடேறிய டயரின் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே சரிபார்க்க வேண்டும். நான்கு டயருக்கும் காற்றடிக்கும் பலர் ஸ்டெப்னியை மறந்துவிடுவதால், அது தேவைப்படும் நேரத்தில் சப்பையாகிக் கிடக்கிறது. ஜாக்கியும் நட்டு கழற்றும் ஸ்பேனரும் வண்டியில் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். 2021 முதல் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாகிவிட்ட ஃபாஸ்டேக்கில் இருப்புத் தொகையும், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்றிதழ் ஆகியவற்றின் காலாவதி நாள்களும் மாதம் ஒருமுறை பார்க்கப்பட வேண்டியவை.

நினைத்தவுடன் போகும் உரிமை எல்லாத் திசையிலும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாகி, 2025ஆம் ஆண்டின் கோடைப் பருவத்தில் உதகைக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. மைசூரு நோக்கிப் போகிறவர்கள், பண்டிப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருப்பதையும், சத்தியமங்கலத்தைக் கடந்து செல்லும் திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை நடைமுறையில் உள்ளதையும் கணக்கில் கொள்ளாவிட்டால், குழந்தைகளோடு சோதனைச்சாவடியில் விடியும்வரை காத்திருக்க நேரும். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமையும், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை என்பன போன்ற சிறு செய்திகளை அறியாமல் பூட்டிய வாயிலுக்கு முன் நிற்கும் குடும்பங்களும் உண்டு.

போக்குவரத்து நெரிசலுக்கு அஞ்சி அதிகாலை இரண்டு மணிக்கே கிளம்புவது பரவலான வழக்கமாகியிருக்கிறது. குழந்தைகள் பின்னிருக்கையில் உறங்கிவிடுவதால் அது வசதியாகத் தோன்றுகிறது. ஆனால் உடல் உறக்கத்தை மிகவும் கோரும் அந்த நேரத்தில், முந்தைய பகல் முழுவதும் அலுவலகத்தில் இருந்துவிட்டு இரண்டு மணி நேரமே கண்ணயர்ந்த ஒருவர் வண்டியை ஓட்டுகிறார். முழு இரவு உறங்கி ஐந்தரை மணிக்குப் புறப்படுவதில் இழக்கப்படுவது கொஞ்சம் நெரிசல் இல்லாத சாலை மட்டுமே. நிறுத்துமிடங்களிலும் ஒரு விதியை மீறலாகாது: சாவியோடும் ஏ.சி.யோடும் கூட, ஐந்து நிமிடத்துக்கும் கூட, குழந்தையை வண்டிக்குள் தனியே விட்டுச் செல்லக்கூடாது. வெயிலில் பூட்டிய காரின் உள்வெப்பம் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடுகிறது, குழந்தையின் உடலோ பெரியவர்களின் உடலைவிட விரைவாகச் சூடேறுகிறது.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானாலோ விபத்து நேர்ந்தாலோ 1033 என்ற எண்ணையும், ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்ணையும், காவல், தீயணைப்பு உட்பட எல்லா அவசரத்துக்கும் 112 என்ற எண்ணையும் அழைக்கலாம். இந்த மூன்றையும், வீட்டிலிருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியருகே ஒட்டி, எழுதப் படிக்கத் தெரிந்த மூத்த குழந்தைக்கு அதைக் காட்டி வைப்பது பெற்றோரின் கடமை.