விளையாட்டுப் பொறியும் இடையறா இணைப்பும்

விழா மலரிலே விளையாட்டுப் பொருளைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என ஐயுறுவாரும் உளராகலாம். தமிழாசிரியன் இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ எழுதுவான் என எண்ணியே மலராசிரியர் என்னிடம் கட்டுரை கேட்டிருத்தல் கூடும். ஆயினும், நம் பழைய மாணவர் பலர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் டோகாவிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். அவர்கள் தம்பியர்க்கும் மருமக்களுக்கும் அனுப்பும் பொதிகளில், முன்பு கைக்கடிகாரமும் சப்பாத்தும் இருந்த இடத்திலே, இப்பொழுது விளையாட்டுப் பொறி இருக்கிறது. 'கொன்சோல்' எனப் பிள்ளைகள் வழங்கும் அப்பொறி, மஸ்கெலியாவுக்கோ அக்கரப்பத்தனைக்கோ வந்து சேர்ந்தபின் சில வேளைகளில் ஆட மறுக்கின்றது. காரணம் யாது என்பதை அனுப்பியவரும் அறியார், பெற்றவனும் அறியான். பொறி பழுதாகவில்லை; எங்கோ தொலைவிலுள்ள ஒருவரின் அனுமதிக்காக அது காத்து நிற்கின்றது. அதனை விளக்குதலே ஈண்டு என் நோக்கம்.

பழைய பொறியின் இயல்பை முதலில் நோக்குவோம். ஆட்டம் முழுவதும் ஒரு சிறு பேழையிலோ இறுவட்டிலோ அடங்கியிருந்தது. அதனைப் பொறிக்குள் இட்டு மின்சாரத்தைக் கொடுத்தாற் போதும். இறுவட்டை எவன் வைத்திருந்தானோ அவனே அதற்கு உடையவன். ஆடி அலுத்தபின் தோழனுக்கு இரவல் கொடுக்கலாம். பாதி விலைக்கு விற்கலாம். தம்பிக்கு விட்டுச் செல்லலாம். கிரிக்கெற் மட்டைக்கும் அதற்கும் இவ்வகையில் வேற்றுமை இருக்கவில்லை.

புதிய முறை வேறு. ஆட்டத்தைத் தொடக்கு முன் பொறியானது இணையத்தின் வழியே கொம்பனியின் சேவையகத்துக்கு ஒரு செய்தி விடுக்கின்றது. இன்ன கணக்குக்கு உரியவன், இன்ன தொடரிலக்கமுள்ள பொறியிலே, இன்ன ஆட்டத்தை ஆட விழைகின்றான் என்பது அச்செய்தி. சேவையகம் தன் ஏட்டைப் பார்த்து, பிறர் எவரும் போலியாகச் செய்ய இயலாத இரகசியக் குறியீட்டு முத்திரையுடன் விடை அனுப்புகின்றது. அவ்விடைக்குக் காலவெல்லை உண்டு. எல்லை கடந்தால் மீண்டுங் கேட்டல் வேண்டும். விடை வாராதாயின், காசு கொடுத்து வாங்கிய இறுவட்டு உள்ளே கிடந்தாலும் ஆட்டம் தொடங்காது. தோட்டத்திற் பிறந்தவர்க்கு இதனை விளக்க ஒரு சொல்லே அமையும்: பெரட்டு. விடியற்காலையிற் பெரட்டுக் களத்திலே நின்று பெயர் கொடுத்தவனுக்கே அன்றைய வேலை. நேற்று நின்றது இன்றைக்குச் செல்லாது.

கொம்பனிகள் இம்முறையை நாடியதற்குக் காரணம் இல்லாமலில்லை. களவாகப் பிரதி செய்த இறுவட்டுக்கள் நம் நாட்டு நகரங்களின் நடைபாதைகளிலே குவித்து விற்கப்பட்டதை நாமெல்லாரும் கண்டோம். பல நூறு பேர் ஆண்டுக்கணக்காக உழைத்து ஆக்கிய ஒன்றைச் சில ரூபாவுக்கு ஒருவன் விற்றுவிடுவானாயின் ஆக்கியவர் வயிறு எரியாதோ? இன்னொரு காரணத்தை அவர்கள் அவ்வளவு உரத்துச் சொல்வதில்லை. ஒருவன் வாங்கிய இறுவட்டு நால்வர் கைமாறினால், கொம்பனிக்குக் கிடைப்பது ஒருவன் கொடுத்த விலையே. இரவலும் மறுவிற்பனையும் களவல்ல. எனினும் அவற்றையும் களவோடு சேர்த்துக் கட்டிவிடும் ஆசை அவர்களுக்கு இருந்தது.

அவ்வாசை வெளிப்பட்ட ஆண்டு 2013. அவ்வாண்டு மே மாதம் 21 ஆந் திகதி மைக்ரோசொப்ற் கொம்பனி 'எக்ஸ்பொக்ஸ் வன்' என்னும் புதிய பொறியை அறிவித்தது. அப்பொறி 24 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் சேவையகத்தோடு பேசுதல் வேண்டும். நண்பன் வீட்டுப் பொறியில் ஒருவன் தன் ஆட்டத்தை ஆடுவானாயின் மணிக்கொரு முறை பேசுதல் வேண்டும். தவறின் ஆட்டம் நின்றுவிடும் என்பன அதன் விதிகள். உலகெங்குமுள்ள ஆட்டக்காரரிடையே பெரும் வாக்குவாதம் மூண்டது. "இக்காலத்தில் இணையம் இல்லாதார் யார்?" என்றனர் ஒரு சாரார். கப்பலிலே மாதக்கணக்காக வாழும் கடற்படையினரும், கிராமப்புறத்தாரும், மாணவர் விடுதிகளில் இருந்தோரும் "நாங்கள் இல்லையா?" என்று மறுத்தனர். கொம்பனியின் அந்நாளைய தலைவர்களில் ஒருவராகிய டொன் மற்றிக், இணைப்பு இல்லாதார்க்கென எங்களிடம் வேறொரு பொறி உண்டு, அதன் பெயர் எக்ஸ்பொக்ஸ் 360 என்னும் பொருள்படச் சொன்ன விடை எரிகிற நெருப்பில் நெய் வார்த்தது. எக்ஸ்பொக்ஸ் 360 என்பது 2005 ஆம் ஆண்டின் பொறி. புதியது இணைப்புடையார்க்கு, பழையது மற்றவர்க்கு என்பதே அவ்விடையின் பொருள்.

யூன் 10 ஆந் திகதி, போட்டிக் கொம்பனியாகிய சோனி தனது 'பிளேஸ்ரேஷன் 4' இற்கு அத்தகைய விதி எதுவும் இல்லை என மேடையிலே அறிவித்தபோது அரங்கம் அதிர்ந்தது. விலையும் 100 டொலர் குறைவு. அஃது 499, இஃது 399. ஆட்டத்தை நண்பனுக்கு இரவல் கொடுப்பது எவ்வாறு என்பதைக் கற்பிக்கும் சிறு படமொன்றையும் சோனி வெளியிட்டது. ஒருவர் மற்றவர் கையிலே இறுவட்டைக் கொடுக்கின்றார், அவர் நன்றி சொல்லுகின்றார், படம் முடிந்தது. நீண்ட கண்டனங்கள் செய்யாததை அந்த அரை நிமிடம் செய்தது. யூன் 19 ஆந் திகதி மைக்ரோசொப்ற் தன் விதிகளை மீட்டுக்கொண்டது. அவ்விதிகளோடு வந்திருக்கக்கூடிய ஒரு வசதியும் அன்று ஒழிந்தது என்பதை நடுநிலை பிறழாது கூறுதல் வேண்டும்: குடும்பத்தார் பதின்மர் வரை ஒருவர் வாங்கிய ஆட்டங்களைத் தொலைவிலிருந்தே பகிர்ந்துகொள்ளலாம் என்பதே அது. வெளிநாட்டுத் தமையனும் உள்நாட்டுத் தம்பியுமாகப் பிரிந்து வாழும் நம்மவர்க்கு அதனால் நன்மை விளைந்திருக்கவுங் கூடும்.

இடையறா இணைப்பு இன்றியமையாதது என்னும் கூற்று எத்துணை மெய் என்பதற்கும் அவ்வாண்டிலேயே சான்று கிடைத்தது. 2013 மார்ச் மாதம் வெளியான 'சிம்சிற்றி' என்பது நகரமொன்றை நிருமாணிக்கும் ஆட்டம். தனியே இருந்து ஆடத்தக்கது. வெளியான நாளிலேயே சேவையகங்கள் கூட்டம் தாங்காது முடங்கின. விலை கொடுத்தவர்கள் நாட்கணக்காக வரிசையிற் காத்திருந்தனர். கணக்கிடும் வேலையிற் பெரும்பகுதியைச் சேவையகமே செய்வதால் இணையமின்றி இவ்வாட்டம் நடவாது என்றனர் ஆக்கியோர். ஓராண்டு கழிந்து 2014 மார்ச்சில் அவர்களே ஒரு திருத்தம் வெளியிட, அதே ஆட்டம் இணையமின்றி நன்றாகவே நடந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே இணைப்பு என்பது காற்றைப் போல எங்கும் இருப்பதன்று. கைப்பேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்வன. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மலைத்தோள் குறுக்கிடுமாயின் அப்புறம் நிழல்தான். ஹற்றன் நகரத்திலே முழுமையாக இருக்கும் சிக்னல், பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் ஒரு வளைவிலே இரண்டு கோடாகி, லயத்தின் பின்புறத்திலே இல்லாமற் போகும். மழையும் மூடுபனியும் மரம் முறிந்த மின்கம்பியும் இருக்கவே இருக்கின்றன. மின்சாரம் நின்றால் கோபுரம் தன் பற்றரியினாற் சில மணி நேரம் தாங்கும். அதன்பின் அதுவும் ஓயும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை மறந்தார் யார்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நாட்களிலே, நுவரெலியா மாவட்டத்தின் பல பகுதிகளில் வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்தன. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெயர் கொடுக்கும் விதி நம் மலைகளைக் கண்டார் வகுத்த விதியாகுமா?

விளையாட்டு நின்றால் நட்டம் என்ன, பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கட்டுமே என்று பெற்றார் சொல்வது என் காதில் விழுகின்றது. புத்தகத்துக்கும் இவ்விதி வந்துவிட்டது என்பதே என் கவலை. 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது 'சூம்' வகுப்பு நடத்துக என்றனர். நேரலை வகுப்பு என்பதும் இடையறா இணைப்பைக் கேட்கும் பொறியே. சிக்னல் தேடித் தேயிலை மலையின் உச்சிக்கு ஏறி, குடையின் கீழே குந்தியிருந்து பாடங் கேட்ட பிள்ளைகள் பலர். என் வகுப்பிலே நாற்பதின்மரில் பத்துப் பேரைக்கூட ஒரே வேளையிற் காண இயலவில்லை. பின்னர் நேரலையை விட்டு, பாடத்தைப் பத்து நிமிடக் குரற்பதிவாக்கி வாட்சப்பில் அனுப்பினேன். தகப்பன் கடைத்தெருவுக்குப் போகையிலே கைப்பேசியில் இறங்கிய பதிவை, இரவு வீட்டிலே அண்ணனும் தங்கையும் அயல்வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து கேட்டனர். முன்னைய முறையிலே இணைப்பு அறுந்தால் பாடமும் அறுந்தது; பின்னைய முறையிலே பாடம் பிள்ளையின் கையிலேயே இருந்தது. விளையாட்டுப் பொறியைப் பற்றிய வாதம் முழுவதும் இவ்வேற்றுமையினுள் அடங்கும்.

2013 இல் முன்வாயிலால் வர இயலாதது பின்னர் பக்கவாயில்களால் வந்துகொண்டிருக்கின்றது. 2020 இல் வெளிவந்த பிளேஸ்ரேஷன் 5 இன் ஒரு வகையில் இறுவட்டு இடும் வாயே இல்லை. ஆட்டங்களை இணையத்தினின்று இறக்கியே ஆகவேண்டும். 2023 இன் வகையிலே அவ்வாயைத் தனியே வாங்கிப் பூட்டலாம். ஆனாற் பூட்டும்போது ஒருமுறை இணையத்திற் பதிதல் வேண்டும். 2025 யூன் மாதம் வந்த நின்ரெண்டோ சுவிற்ச் 2 இன் சில அட்டைகளில் ஆட்டம் இல்லை, திறவுகோல் மாத்திரமே உண்டு. கடையிலே பெட்டியாக வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒரு சாவிதான் என்க.

இவற்றினும் கொடியது சேவையகம் அடைக்கப்படுதல். 2014 இல் வெளியான 'த குறூ' என்னும் காரோட்ட ஆட்டத்தின் சேவையகங்களை யுபிசொப்ற் கொம்பனி 2024 மார்ச் 31 ஆந் திகதி நிறுத்தியது. தனியே ஆடுவதற்கும் இணைப்பை வேண்டிய ஆட்டம் அது. ஆதலின் உலகிலுள்ள அதன் இறுவட்டு அனைத்தும் அன்றோடு வெறுந் தகடுகளாயின. இதனை எதிர்த்து எழுந்த 'ஆட்டங்களைக் கொல்லாதீர்' என்னும் இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பிய மனுவில் 2025 யூலையில் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்தனர். கலிபோர்ணியாவிலே, கொடுப்பது உரிமையன்று, பாவனைக்கான அனுமதியே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்னும் சொல்லை இணைய விற்பனையில் வழங்கலாகாது எனச் சட்டம் இயற்றினர். 2025 சனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. மூன்று தலைமுறை ஒரே லயக் காம்பராவில் வாழ்ந்தும் கையில் உறுதி இல்லாத குடும்பத்துக்கு, 'உரிமை வேறு, அனுமதி வேறு' என்பதைச் சட்டத்தரணி வந்து சொல்லவேண்டியதில்லை.

நாம் கணக்கிலேயே இல்லாதிருந்தமையும் ஒன்று உண்டு. 2024 மே மாதத் தொடக்கத்தில் சோனி கொம்பனி, 'ஹெல்டைவர்ஸ் 2' என்னும் ஆட்டத்தைக் கணினியில் ஆடுவோரும் பிளேஸ்ரேஷன் கணக்கு வைத்திருத்தல் வேண்டும் என விதித்தது. கணக்குத் திறக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் அப்பொழுது இலங்கை இருக்கவில்லை. உலகில் 170 இற்கு மேற்பட்ட நாடுகளிலும் ஆள்புலங்களிலும் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆட்டக்காரர் கொதித்தெழ, மூன்று நாளில் விதி மீட்கப்பட்டது. நம் பிள்ளைகளோ வேறு நாட்டின் பெயரைச் சொல்லியே கணக்குத் திறந்து பழகியவர்கள்.

ஆதலின் பொதி அனுப்பும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். இறுவட்டு வாயுள்ள வகையையே தேர்க. தனியே ஆடுவதற்கும் இணைப்புத் தேவை எனப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தால் அவ்வாட்டத்தை விடுக. இக்காலத்துப் பேராட்டங்கள் சில 100 ஜிகாபைற்றுக்கு மேற்பட்டன. கைப்பேசி டேட்டாவில் அவற்றை இறக்குவதாயின் ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு போய்விடும். ஆகவே அனுப்புமுன் உங்கள் வீட்டிலேயே ஆட்டத்தையும் அதன் திருத்தங்களையும் பொறிக்குள் முழுமையாக இறக்குக. எக்ஸ்பொக்ஸில் இதுவே என் வீட்டுப் பொறி எனக் குறிக்கும் அமைப்பும், பிளேஸ்ரேஷன் 5 இல் இணையமின்றி ஆட விடும் அமைப்பும் உண்டு. அவற்றை மறவாது இயக்குக. பின் இணைப்பைக் கழற்றி, பொறியை அணைத்து, மறுபடி தொடக்கி, ஆட்டம் நடக்கின்றதா என ஒருமுறை பார்த்த பின்னரே பொதியைக் கட்டுக.