ரேடியோவும் கைபேசியும்: விவசாயச் செய்தியை அறியும் முறை

விதைக்கும் எருவுக்கும் அடுத்தபடியாக விவசாயிக்கு வேண்டுவது தக்க சமயத்தில் கிடைக்கும் செய்தியாகும். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ம் வருஷத்தில் தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றி அந்நிலையம் இடைவிடாது எடுத்துரைத்தபடியால், தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று.

ஆயினும் ரேடியோவில் குறித்த நேரம் தவறினால் பேச்சும் தவறிவிடும். சந்தேகத்தை உடனே கேட்கவும் இயலாது. இக்குறைகளை இன்டர்நெட் பெரிதும் நீக்கியிருக்கிறது. 2018-ல் வெளிவந்த 'உழவன்' செயலியில் மானியம், விதை இருப்பு, சந்தை விலை முதலியவற்றை அறியலாம். 2019-ல் வந்த 'மேகதூத்' செயலி ஜில்லாவாரியாக வானிலையையும் பயிர் யோசனையையும் தெரிவிக்கிறது. வானொலி நிகழ்ச்சிகளையே கைபேசியில் கேட்கவும் வசதியுண்டு.

ஆனால் ஓர் அபாயமும் உண்டு. வானொலியில் பேசுவதற்குப் பொறுப்பாளி ஒருவர் இருந்தார். இன்டர்நெட்டிலோ எவரும் எதையும் சொல்லலாம். ஆகையால் கைபேசியில் வரும் யோசனையைப் பின்பற்றுமுன் மூன்று விஷயங்களைக் கவனித்தல் அவசியம்:

1. சொல்பவர் யார்? மருந்து விற்பவரா, ஆராய்ச்சி நிலையத்தாரா?

2. எப்போது சொன்னது? சென்ற வருஷத்து மழைச் செய்தி இவ்வருஷ நாற்றுக்கு உதவாது.

3. எந்த நிலத்துக்குச் சொன்னது? கரிசலுக்கு ஏற்றது களருக்கு ஏற்காது.

பூச்சிமருந்தின் அளவைப் பொறுத்தவரையில், டப்பாவின் மேலுள்ள குறிப்பைப் படித்து, வேளாண்மை அலுவலரையும் கலந்துகொண்ட பின்னரே தெளிக்க வேண்டும். 1800-180-1551 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே விசாரிக்கலாம். அளவு மிஞ்சினால் பணமும் பயிரும் மாத்திரமன்றி, தெளிப்பவரின் தேகமும் கெடும்.

கைபேசி வந்துவிட்டதென்று ரேடியோவைப் பரணில் போடுவது உசிதமன்று. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, பல கிராமங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. அத்தகைய நாட்களில் பாட்டரியால் இயங்கும் ரேடியோ ஒன்றே வெளியுலகச் செய்தியைக் கொண்டுவரும். ஐப்பசி பிறக்குமுன் ரேடியோவையும் புதிய பாட்டரிகளையும் தயாராக வைத்துக்கொள்ளுதல் நலம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கைபேசி இல்லாதவரும் எழுத்தறியாதவரும் ஒவ்வோர் ஊரிலும் உளர். முன்பு ஒரு ரேடியோவைச் சுற்றிப் பலர் கூடியிருந்து கேட்டனர். இப்போதோ செய்தி ஒருவர் கையோடு நின்றுவிடுகிறது. ஆதலால் வானிலை எச்சரிக்கையையும், பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியையும் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிவைத்து, சாவடியிலும் வாசித்துக் காட்டுவார்களாக. சிறு குடியானவன் பயிரும் சமயத்தில் காக்கப்பெற்றால்தான் புதிய சாதனத்தால் ஊருக்குப் பயன் விளைந்ததாகும்.