ஜடேஜா போனார், சஞ்சு வந்தார்: பதினான்கு ஆட்டம் எதைச் சொல்லும்?

மலேசியாவில் பெரும்பாலான ஐபிஎல் ஆட்டங்கள் இரவு 10 மணிக்குத்தான் தொடங்கும். முடிய நள்ளிரவு தாண்டி ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். செம்பனைத் தோட்டத்துக்கோ தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலைக்கோ விடிவதற்குள் கிளம்ப வேண்டிய கெர்லிங்காரர்கூட, சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடும் நாளில் கண் விழித்துக் கிடப்பார். 2023 இறுதி ஆட்டம் மழையில் தள்ளிப்போய், நம் ஊர்க் கணக்கில் விடியற்காலை 4 மணிக்கு முடிந்தது. கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா அதுவரை யார்க்கராகவே இறக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவது பந்து கொஞ்சம் பிசகியது. ஜடேஜா அதை நேராகத் தூக்கி சிக்சருக்கு அனுப்பினார். ஆறாவது பந்து காலுக்கு வந்தது. லேசாகத் தட்டிவிட்டார், பவுண்டரி. கோப்பை சென்னைக்கு.

அந்த ஜடேஜாவை 2025 நவம்பர் 15-ஆம் தேதி சென்னை விட்டுக்கொடுத்தது. அவரும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. அங்கிருந்து சஞ்சு சாம்சன் இங்கே. “தளபதிய கொடுத்துட்டு இவர எதுக்குண்ணே வாங்கினாங்க?” என்று கேட்காத ரசிகர் குறைவு. எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் இந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், உள்ளே மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, நம் கையில் இருப்பதற்கு நாமே ஏற்றிவைக்கும் விலை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட சோதனை ஒன்று பெயர்பெற்றது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாதாரணக் காபிக் கோப்பையைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். ஒரு சுற்றில் சுமார் 7 டாலர் என்று வந்தது. கோப்பை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டபோது 3 டாலரைக்கூடத் தொடவில்லை. கோப்பை ஒன்றேதான். சற்றுமுன் கைக்கு வந்த பொருளுக்கே இந்த ஏற்றம் என்றால், 12 சீசன் நம்மோடு இருந்த ஆட்டக்காரருக்கு எவ்வளவு ஏறியிருக்கும்! 2021 முதல் தங்களுக்குத் தலைமை தாங்கிய சஞ்சுவை இழந்த ராஜஸ்தான் ரசிகருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒரே மாற்றில் இரு தரப்பும் தாங்களே அதிகம் கொடுத்துவிட்டதாக நினைப்பது இதனால்தான்.

இரண்டாவது, அதிர்ஷ்டத்தின் பங்கு. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 2025-இல் சென்னை 14 ஆட்டத்தில் 4 மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. அணியைக் கலைக்க அந்த இடமே போதுமான காரணமாகத் தெரிந்தது. ஆனால் தலை விழுந்தால் வெற்றி என்று வைத்து, ஒரு நாணயத்தை 14 முறை சுண்டிப் பாருங்கள். மொத்தம் 16,384 விதமாக விழலாம். அவற்றில் தலை 4 முறையோ அதற்கும் குறைவாகவோ விழும் விதங்கள் 1,471. அதாவது நூற்றுக்கு ஒன்பது. ஐபிஎல்லில் 10 அணிகள். பத்தும் திறமையில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தாலும், சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் அணி வெறும் அதிர்ஷ்டக் குறைவாலேயே 4 வெற்றிக்கு மேல் போகாமல் நின்றுவிடும்!

2025-இல் ராஜஸ்தான் வென்றதும் 4 ஆட்டம்தான். டெல்லியிடம் சூப்பர் ஓவரில் தோற்றது, லக்னோவிடம் 2 ரன்னில், கொல்கத்தாவிடம் 1 ரன்னில். சென்னையும் பெங்களூருவிடம் 2 ரன்னில் தோற்றது. அன்று ஜடேஜா 45 பந்தில் 77 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். இந்த ஆட்டங்களில் ஒவ்வொரு பந்து வேறு மாதிரி போயிருந்தால் பட்டியலே மாறியிருக்கும். சென்னை நன்றாக ஆடியது என்று நான் வாதாடவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை ஆதாரமாக வைத்து ஒருவரை அனுப்புவதும் தவறு, அடுத்த ஒரு சீசனின் 14 ஆட்டத்தை வைத்து இந்த மாற்றுக்குத் தீர்ப்பு எழுதுவதும் தவறு.

அமெரிக்கக் கூடைப்பந்தில் கதை வேறு. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் அணி 25 வயது லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து, 31 வயது ஆந்தனி டேவிஸை வாங்கியது. ரசிகர்கள் அரங்குக்கு வெளியே கூடிக் கொதித்தார்கள். அந்த நவம்பரில் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன் வேலையிழந்தார். அங்கே அவ்வளவு கோபப்படக் காரணம் இருந்தது. களத்தில் ஓர் அணிக்கு ஐந்தே பேர். நட்சத்திர ஆட்டக்காரர் 48 நிமிடத்தில் 35 நிமிடத்துக்கு மேல்கூட ஆடுவார், பந்து பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கும். ஒரு சீசனுக்கு 82 ஆட்டம் வேறு. அதிர்ஷ்டம் ஓரளவு வடிந்து, திறமை மேலே தெரிந்துவிடும். டி20-யில் ஒரு பந்துவீச்சாளருக்கு மொத்தமே 24 பந்து. நடுவரிசையில் இறங்குகிறவர் சில நாள் பத்துப் பந்துகூட ஆடமாட்டார். இந்த ஆட்டத்தில் ஒரே ஒருவர் அணியைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்த்துவிடுவதும் நாம் நினைப்பதைவிடக் கடினம்.

மூன்றாவது விஷயம், இத்தனையும் கழித்த பிறகும் மிஞ்சும் நியாயமான சந்தேகம். மாற்று நடந்தபோது சஞ்சுவுக்கு 31 வயது, ஜடேஜாவுக்கு 37 ஆகச் சில வாரமே பாக்கி. சென்னையின் விக்கெட் கீப்பர் தோனிக்கு 44. விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கவும் மேல்வரிசையில் அடிக்கவும் ஆள் தேவை என்பது வெளிப்படை. அதுவரை கணக்கு சரிதான். ஆனால் ஜடேஜா ஒருவர் பார்த்தது மூன்று பேர் வேலை: நான்கு ஓவர் இடக்கைச் சுழல், கீழ்வரிசை மட்டை, எந்த மூலையிலிருந்தும் ஸ்டம்பைச் சாய்க்கும் எறி. 2025 ஆகஸ்டில் சென்னையின் அஸ்வினும் ஐபிஎல்லிலிருந்து விலகியிருந்தார். சேப்பாக்கம் மாதிரி சுழல் எடுக்கும் மைதானத்தில், அனுபவமுள்ள இரண்டு சுழற்பந்து வீச்சாளர்கள் ஒரே ஆண்டில் போய்விட்டார்கள்.

இந்த ஓட்டையை ரசிகர்கள் மட்டும் பார்க்கவில்லை. ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போன விலை 14 கோடி ரூபாய். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடியிராத 20 வயது உத்தரப் பிரதேச இளைஞர் பிரசாந்த் வீரைச் சென்னை 14.20 கோடிக்கு எடுத்தது. அவர் இடக்கைச் சுழல் வீசுவார், கீழ்வரிசையில் அடித்து ஆடுவார்.